புதன்கிழமை ஹாரன்

ஏசுபாதத்துக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பீடி இருந்தது; அதையும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருதரம் மூக்கைச் சுளித்ததோடு விட்டுத் தொலைத்தார். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஹாரன்.

செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் வேன் டிரைவர். மற்ற நாட்களில் ஊருக்குள் சவாரி. புதன்கிழமை என்றால் டாக்டரம்மாவையும் நர்சையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு செய்யூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டும். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ ஒரு திருப்பம் இருக்கும். அங்கே அவர் கை தானாக ஹாரனுக்குப் போகும். இரண்டு நீளம், ஒரு குட்டை. பாஆம், பாஆம், பம். ‘வந்துவிட்டோம், வாருங்கள்’ என்று அர்த்தம். தண்ணீர் மருந்து வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே காலி பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். ஹாரன் சத்தம் கேட்டதும் ஊரே பாட்டில் கழுவ ஆரம்பிக்கும்.

சாயங்காலம் திரும்பி வந்து, கொளவாய் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த தன் தெரு முனையைக் கடக்கும்போதும் அதே ஹாரன்தான். ஆனால் அதற்கு அர்த்தம் வேறு. ‘டீ போடு.’ வண்டியை ஆஸ்பத்திரி ஷெட்டில் விட்டுவிட்டு அவர் பொடிநடையாக வீடு வந்து சேர்வதற்குள் மனைவி பாப்பா டீயை ஆற்றி வைத்திருப்பாள். ஜுரத்தில் படுத்துக் கிடந்த நாளிலும் எழுந்து வந்து போட்டு வைத்திருக்கிறாள். இதில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று ஏசுபாதத்துக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நல்ல மனிதர்தான். தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அந்த ஊர்களுக்கெல்லாம் மினி பஸ் வந்தது, அரசாங்க சுகாதார நிலையம் வந்தது. புதன்கிழமைச் சுற்று நின்றுபோனது. ஏசுபாதம் ரிட்டயரான வருஷமே அவர் ஓட்டிய மெட்டடார் வேனும் ரிட்டயரானது. ஏலம் விட்ட அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் காயலான் கடைக்காரர்கள். கூட்டத்தில் இவரும் போய் நின்று கேட்டார், வண்டி இவர் தலையில் விழுந்தது. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, பாப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

வண்டியை வாங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த விருந்தாளி ஒருவரை மாமல்லபுரத்தில் இறக்கிவிடப் போனபோது, கடற்கரை ஓரம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வண்டியையே வீடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்ததைப் பார்த்தார். இவர் ஆவென்று நிற்பதைப் பார்த்து அவர்கள் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் இருந்தன. அந்த அம்மாள் ஜன்னல் ஓரம் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாப்பாவிடம் சொன்னார்.

“பாத்திரம் கழுவுற தொட்டிகூட வண்டிக்குள்ளயே கீதுமே!”

“அங்கயும் நான்தான கழுவணும்?” என்றாள் பாப்பா.

அத்தோடு பேச்சு முடிந்தது. ஆசை முடியவில்லை. அந்த ஜன்னல் ஓரத்தில் பாப்பாவை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாயைத் திறந்து அதைச் சொல்லத் தெரியவில்லை. அதனால் தச்சரைக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சர் வைக்கிற சட்டம் கட்டிலானது. மருந்து அலமாரியில் உப்பும் புளியும் மிளகாய்த்தூளும் போய் உட்கார்ந்தன. கூரைமேல் தண்ணீர் டிரம், அதிலிருந்து ஒரு குழாய். ஒற்றை அடுப்பு, சின்ன கேஸ் சிலிண்டர். ஜன்னல் திரைக்குப் பாப்பாவின் புடவை ஒன்றைக் கேட்காமல் கிழித்துவிட்டார். அந்தச் சண்டை தனிக்கதை. வெள்ளை வேனுக்கு வானநீலப் பெயிண்ட் அடித்தார். ஹாரனில் மட்டும் கையே வைக்கவில்லை.

பாப்பா அந்த வண்டியின் படியில்கூடக் காலை வைக்கமாட்டேன் என்றிருந்தாள். “இவ்ளோ நாளு ரோட்லயே கெடந்தது போதாதா? இப்பவாவது மனுசன் வூட்ல குந்துவான்னு பாத்தா, வூட்டையே தூக்கி ரோட்ல வெக்கிறான்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். நெம்மேலியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ரெஜினாவும் அம்மா பக்கம்தான். இந்த நேரம் பார்த்து, கடப்பாக்கத்து மீன் வியாபாரி காசிநாதன் வண்டியைக் கேட்டு வந்தான். ஐஸ் பெட்டி வைக்கத் தோதான வண்டி என்று சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

அன்று ராத்திரி சோறு போட்டுவிட்டுப் பாப்பா தீர்ப்புச் சொன்னாள்.

“ஒரே ஒரு நாளு வரேன். கடலோரம் ஒரு ராத்திரி படுக்கிறேன். காலைல எழுந்து வூட்டுக்குப் போலாம்னு எனக்குத் தோணிச்சின்னா, வண்டிய அங்கயே அந்த மீன்காரன்கிட்ட குட்த்துட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்துடணும். மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது.”

“தோணலைன்னா?”

“அப்ப பாக்கலாம்.”

காசிநாதனுக்கு ஒரே குஷி. “என் சவுக்குத் தோப்புலயே நிறுத்திக்க அண்ணாத்த. கடலு எதுத்தாப்ல கீது. காலைல வந்து சாவி வாங்கிக்கிறேன்” என்றான். பாப்பாவின் பதில் அவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலப் பேசினான். அது ஏசுபாதத்துக்குச் சுருக்கென்றது.

தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை கிளம்பினார்கள். வேறு கிழமை அவருக்குத் தோன்றவே இல்லை. ஸ்டியரிங்கில் கைவைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். வழக்கமான ஜெபம்தான், கடைசியில் ‘ஆண்டவரே, இவளுக்குப் பிடிக்கணும்’ என்று மனசுக்குள் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பாப்பா கூடை, தலையணை, அரிவாள்மணை, குடை, பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையச் சுக்குக் காப்பி என்று ஒரு மாதத்துக்குக் குடிபோகிறவள் மாதிரி ஏற்றினாள். பிறகு முன் சீட்டில் ஏறி, யாரோ கடத்திக்கொண்டு போவதுபோல் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தெரு முனை வந்தது. கை தானாகப் போனது. பாஆம், பாஆம், பம்.

பக்கத்துச் சீட்டில் பாப்பா பாதி எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

“டீ போட எழுந்துட்டேன் பாரு” என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். ஏசுபாதம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாமண்டூர்ப் பாலத்தில் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. பெரிய ரோட்டில் லாரிகள் இவர் வண்டியை அற்பமாகப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு போயின. படாளம் தாண்டி இடதுகைப் பக்கம் ஒரு சின்ன ரோட்டில் இறங்கியதும்தான் மூச்சு வந்தது. இரண்டு பக்கமும் புளியமரம். ஏரியில் தண்ணீர் தளும்ப நின்றது, கொக்குகளும் நாரைகளும் பாடுபட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தன. அறுத்த வயலில் மாடுகள் மேய்ந்தன. எதிரே ஒரு டிவிஎஸ் ஐம்பது வந்தால் அதுவே பெரிய போக்குவரத்து. மெட்டடாரும் தனக்குத் தெரிந்த ரோடு என்று கண்டுகொண்டதோ என்னவோ, முக்கல் முனகல் இல்லாமல் போனது.

“இந்த எடத்துலதான் நர்சம்மா ஒரு தபா பாம்ப மிதிச்சிட்டு, அதுக்கப்பறம் ஊர் வர்றவரிக்கும் சீட்டு மேலயே நின்னுகினு வந்தாங்க.”

“ம்.”

“அந்தப் பனைமரத்தாண்ட ஒரு தபா வண்டி சேத்துல மாட்டிகிச்சி. டாக்டரம்மாவே எறங்கித் தள்ளுனாங்க.”

“ம்.”

“இன்னாமே, புடிக்கலியா?”

“உள்ள ஊசி போடுற வாசன அடிக்குதுயா. ஒக்காந்துகினு கீறேன், இப்ப யாராச்சும் வந்து கைய நீட்டுன்னு சொல்லுவாங்களோன்னு கீது.”

உண்மைதான். பெயிண்டுக்கும் பிளைவுட்டுக்கும் அடியில் டெட்டால் வாசனை அப்படியே குடியிருந்தது. அவர் மூக்குக்கு அது எப்போதோ பழகிப்போயிருந்தது.

ஒரு ஏரிக்கரையில் நிறுத்தி நாஸ்தாவை முடித்தார்கள். இட்லி, எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி. சாப்பிட்டு முடித்துப் பாப்பா இப்படியும் அப்படியும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஏசுபாதம் தயாராகத்தான் வந்திருந்தார். வண்டியின் பின்னாலிருந்து நான்கு மூங்கில் கழியும் தார்ப்பாயும் எடுத்து, புதர் ஓரமாக ஒரு மறைப்பைக் கட்டி, உள்ளே ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்துவிட்டு, மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் ஒதுங்கி நின்றார்.

“இதுவாச்சும் தோணிச்சே ஒனக்கு” என்றாள் பாப்பா. அந்த ஒற்றை வார்த்தையில் ஏசுபாதம் ஒரு மைல் தூரம் விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

அந்த விசில்தான் வினை. மனசு லேசானதும் கை பழைய புத்திக்குப் போய்விட்டது. இலந்தைப்பாக்கத்து ஏரித் திருப்பம் வந்ததா, பாஆம், பாஆம், பம் என்று கணீரென்று அடித்துவிட்டார். அடித்த பிறகுதான், ஐயோ, என்றிருந்தது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பிடுங்கிப் பரப்பி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். களத்தில் அடிப்பானேன், போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் தானாகக் காய் உடைந்து கொள்ளு உதிர்ந்துவிடும். நின்று பழகிய இடம், ஏசுபாதம் வண்டியை நிறுத்தினார்.

நிறுத்தியது இன்னும் பெரிய தப்பு. தெருவிலிருந்து முதலில் ஒரு பெண் வந்தாள், கையில் பாட்டில். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், பாட்டில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர், அவர் கையிலும் பாட்டில். எல்லாம் கழுவித் தண்ணீர் சொட்டுகிற பாட்டில்கள். வேன் வந்து மூன்று வருஷம் ஆனதையோ, வெள்ளை நீலமாக மாறியதையோ ஒருத்தரும் பொருட்படுத்தவில்லை. புதன்கிழமை, ஹாரன், ஏசுபாதம். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

முன்னால் வந்தவள் முனியம்மா. ரோட்டில் கிடந்த கொள்ளு அவளுடையது. “இன்னா டைவரு, எங்கள மறந்தே பூட்டியே! எங்க டாக்டரம்மா? அந்த ரோஸ் மருந்து நாலு வேளைக்கு ஊத்தச் சொல்லு. கவர்மெண்டு மாத்திரைல இருமலு அடங்க மாட்டேங்குது” என்றாள்.

“ஐயோ முனியம்மா, இது ஆஸ்பத்திரி வண்டி இல்ல. நாங்க சும்மா… கடலுக்குப் போறோம். நான் ரிட்டயராய்ட்டேன்.”

“அப்ப ஹாரன் அடிச்ச?”

ஓரக்கண்ணால் பாப்பாவைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார். இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை. வண்டியை இங்கேயே காசிநாதனுக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

பாப்பா இறங்கினாள். பாட்டில்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். ஊரு பூரா ஓடியாருதா ஒன் ஹாரனுக்கு?”

கோபமா, கேலியா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் முனியம்மா வண்டிக்குள் தலையை நீட்டிவிட்டாள். “அடியே, உள்ள வந்து பாருங்கடி! கட்டிலு, அடுப்பு, எல்லாம் வெச்சிகினு கீறாங்க!” அவ்வளவுதான். பெண்கள் ஒவ்வொருவராக ஏறி, கட்டிலில் உட்கார்ந்து பார்த்து, குழாயைத் திறந்து பார்த்து, மருந்து அலமாரியைத் திறந்து புளியைக் கண்டு ஏமாந்து போனார்கள். ஒருத்தி திரைச்சீலையைத் தடவி, “நல்ல பொடவயாச்சே” என்றாள்.

“கேளு, நீயே கேளு” என்றாள் பாப்பா.

எல்லாம் பார்த்து முடித்தும் யாரும் கலையவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ரோஸ் மருந்து இல்லை என்று புரிந்துவிட்டது. ஆனாலும் கழுவிக் கொண்டுவந்த பாட்டிலை வெறும் பாட்டிலாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போவது எப்படி என்பதுதான் அவர்களுடைய சங்கடம். பாப்பாவுக்கு அது புரிந்தது. உள்ளே போய்ச் சுக்குக் காப்பித் தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் வைத்தாள்.

“வரிசையா வாங்க. இதுவும் இருமலுக்குத்தான். சுக்கு, மொளகு, திப்பிலி, பனவெல்லம். சூடு பண்ணிக் குடிங்க.”

டம்ளரில் மொண்டு ஒவ்வொரு பாட்டிலிலும் ஊற்றினாள். முதல் பாட்டிலில் கொஞ்சம் சிந்தியது. அப்புறம் டாக்டரம்மா வீட்டுக் கம்பவுண்டர் கெட்டான். ‘எத்தினி வேளைக்கு’ என்று வேட்டிக்காரர் பணிவாகக் கேட்டபோது ‘இருக்கிற வரிக்கும்’ என்றாள். தூக்கு காலியானது. இரண்டு நாளைக்கென்று போட்டுக்கொண்டு வந்த காப்பி.

முனியம்மா பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி டைவரு, வந்தது வந்த, கொள்ளு மேல ரெண்டு ஓட்டு ஓட்டிட்டுப் போ” என்றாள். மினி பஸ் இனி மத்தியானம்தான் வருமாம்.

ஏசுபாதம் ஏறினார். முன்னால் போனார். பின்னால் வரவேண்டும், கண்ணாடியில் செடியும் தூசியும்தான் தெரிந்தன. அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. “வா, வா, வா… ஒட்ச்சி வா… லெப்ட்ல வாய்யா, அங்க மிதிபடவே இல்ல… ஹோல்டேன்!” பாப்பா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டு நடுவில் நின்று, வண்டியின் பின்பக்கத்தைத் தட்டி முன்னால் போகச் சொன்னாள், கையை ஆட்டிப் பின்னால் வரச் சொன்னாள். ரெண்டு ஓட்டு என்றது எத்தனையோ ஓட்டானது. மெட்டடாரும் டிரைவரும் அவள் சொன்னபடி போய் வந்துகொண்டிருந்தார்கள். கிளம்பும்போது முனியம்மா ஒரு முறம் நிறையக் கொள்ளைப் புடைத்து மஞ்சள்பையில் கொட்டிக் கொடுத்தாள். பாப்பா வாங்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். புடவை முழுக்கத் தூசி. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

செய்யூர் வரைக்கும் பேசவில்லை. செய்யூரில் வெற்றிலை வாங்க நிறுத்தியபோதும் பேசவில்லை. ஏசுபாதம் தொண்டையைக் கனைத்தார், ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார். காப்பி போச்சு, நேரம் போச்சு, புடவை போச்சு என்று அவளுக்காக அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் ஊர்சுற்றக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக் கொள்ளு அடிக்க வைத்த புருஷனை எந்தப் பெண்டாட்டி மெச்சுவாள்? எதிரே வந்த மாட்டுவண்டிக்குக்கூட ஹாரன் அடிக்காமல், கையைச் சும்மா வைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

கடப்பாக்கம் தாண்டிக் காசிநாதனின் தோப்புக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மணலில் நெட்டுக்குத்தாகச் சவுக்குமரங்கள், உஸ்ஸென்று ஓயாத சத்தம், அதற்கு அப்பால் கடல். மூக்கு கடலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தினார். இப்போதாவது எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும் என்று ஆரம்பித்தார், ஒன்றும் நடக்கவில்லை. கூரை டிரம்மின் குழாய் வழியிலேயே கழன்று பாதித் தண்ணீர் ரோட்டோடு போயிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தால் கடல் காற்று வந்து ஊதி அணைத்தது. கதவைச் சாத்தினால் உள்ளே புழுக்கம், திறந்தால் தீ இல்லை. தீப்பெட்டி பாதி காலி.

“நவுரு” என்றாள் பாப்பா.

தோப்பில் விழுந்துகிடந்த சவுக்கு மிலாறைப் பொறுக்கிக்கொண்டு வந்து, நான்கு செங்கல்லைத் தேடி, வண்டி மறைவில் காற்றுப் படாமல் அடுப்பு மூட்டினாள். முனியம்மா கொடுத்த கொள்ளை வேகவைத்து, பாதியைத் தாளித்தாள், வெந்த தண்ணீரை ரசமாக்கினாள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படகுகள் கரைக்கு இழுபட்டுக்கொண்டிருந்தன.

“நல்லா கீதா?” என்று பயந்துகொண்டே கேட்டார். ரசத்தைத்தான் கேட்கிறார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

“உப்பு ஒரு கல்லு கம்மி” என்றாள் பாப்பா. எதைப் பற்றிச் சொன்னாளோ.

இருட்டும்போது உள்ளே போய்ப் படுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏசுபாதத்துக்குத் தூக்கம் வரவில்லை. ஓடாத வண்டிக்குள் சும்மா படுத்து அவருக்குப் பழக்கமே இல்லை. பாப்பா சுவர் பக்கம் திரும்பி, படுத்த மாத்திரத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள். களைப்பு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டார். நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே இரண்டு மூன்று தரம் சொல்லிக்கொண்டார். இந்த வண்டி போய்விட்டால் அவளிடம் சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியாது.

விடிந்தபோது பக்கத்தில் பாப்பா இல்லை. தலையணை இல்லை. கூடையையும் காணோம். தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஸ்டாண்டுக்கே கிளம்பிவிட்டாளா? லுங்கியை இறுக்கிக்கொண்டு கீழே குதித்தார்.

தோப்பு வழியாகக் காசிநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான், பின்னால் ஒரு டிரைவரோடு. கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு சின்ன பூசணிக்காய்கூட. “குட் மார்னிங் அண்ணாத்த! நல்ல நேரத்துலயே எடுத்துரலாம்னு வந்துட்டேன். சக்கரத்துக்குப் பழம் வெச்சிரலாமா?” என்று வண்டியைத் தட்டினான்.

ஏசுபாதம் லுங்கி மடிப்பில் சாவியைத் தேடினார். இல்லை.

பாஆம், பாஆம், பம்.

மூவரும் திடுக்கிட்டார்கள். தோப்பில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. ஏசுபாதம் முன்பக்கம் ஓடினார். டிரைவர் சீட்டில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குத் தலையணை, பக்கத்துச் சீட்டில் கூடை, இரண்டு காலையும் டாஷ்போர்டு மேல் நீட்டிவைத்திருந்தாள். எதிரே கடலில் சூரியன் அப்போதுதான் முழுசாக மேலே வந்திருந்தது. சாவி அவள் மடியில் இருந்தது.

“இன்னா பாத்துகினு கீற?” என்றாள். “ஹாரன் அடிச்சா டீ போடணும்னு தெரியாது?”

“பாப்பா…”

“கல்யாணம் ஆன நாள்லேந்து இத்தக் கேட்டு எழுந்து எழுந்து ஓடுறேன். ஜொரமா கீதா, வவுத்து வலியா கீதா, ஒன் ஹாரனுக்குத் தெரியுமா? நேத்துதான்யா ஹாரன் அடிக்கிற பக்கம் ஒக்காந்துகினு வந்தேன். இந்தப் பக்கம் எவ்ளோ ஜோரா கீதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னியா நீ?”

அவள் குரலில் கோபம் இருந்தது, நிஜமான, பழைய கோபம். ஆனால் கண் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

காசிநாதன் எட்டிப் பார்த்தான். “அண்ணி, அப்ப வண்டி?”

“வண்டிக்கு இன்னா? நல்லாத்தான் கீது. அடுத்த பொதங்கெழம எலந்தப்பாக்கம் போறோம். அந்த முனியம்மாவுக்கு இருமலு அடங்கிச்சான்னு பாக்கணும்.”

“அப்ப இந்தப் பழம்?”

“குடுத்துட்டுப் போ நைனா. ராத்திரி ரசம் மீதி கீது, பிழிஞ்சிக்கிறேன். பூசணிக்காயும் வெச்சிட்டுப் போ, சாம்பாருக்கு ஆவும்.”

காசிநாதன் நல்லவன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டையும் படியில் வைத்துவிட்டு டிரைவரை ஏற்றிக்கொண்டு போனான்.

ஏசுபாதம் பின்பக்கம் போய் அணைந்த அடுப்பைக் கிளறினார். மிலாறைப் பொறுக்கினார். ஊதினார், புகை கண்ணில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது புகையால்தான் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். டீத்தூளை மருந்து அலமாரியில் எந்தத் தட்டில் வைத்தாள் என்று தெரியவில்லை. சர்க்கரையும் தெரியவில்லை. தண்ணீர் கொதிக்க இவ்வளவு நேரமா எடுக்கும்? தெரு முனைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த அந்தப் பொடிநடைத் தூரத்துக்குள் இவள் எப்படி இதைச் செய்து முடித்தாள்?

பாஆம், பாஆம், பம்.

“வரேன்மே, வரேன்!” என்று கத்திக்கொண்டு, சூடான டம்ளரைத் துண்டால் பிடித்தபடி அவர் மணலில் ஓடினார்.